களியிக்காவிளைக்கு அப்பால் ஓர் ஓடுதளம்

1935 நவம்பர் 1 அன்று பம்பாயிலிருந்து வந்த டாடா ஏர்லைன்ஸின் சின்ன விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் இறங்கியது. மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து அதிலிருந்த தபால் மூட்டைக்குள் இருந்தது. அன்றைக்கு நாகர்கோவிலும் தக்கலையும் குழித்துறையும் திருவிதாங்கூர் ராஜ்யத்துக்குள் இருந்தன. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது சொந்தத் தலைநகரத்து ஓடுதளம்.

சரியாக 21 வருஷம் கழித்து, அதே நவம்பர் 1-ஆம் தேதி, 1956-ல், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. மார்ஷல் நேசமணி தலைமையில் பல வருஷம் போராடி, 1954 துப்பாக்கிச்சூட்டில் உயிர்களைக் கொடுத்துக் கிடைத்த இணைப்பு அது. அதன் நியாயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் களியிக்காவிளையில் கோடு விழுந்தபோது ஓடுதளம் அந்தப் பக்கம் போய்விட்டது, அதில் ஏறி இறங்கப்போகிற ஜனங்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். அதற்குப் பிறகு எழுபது வருஷமாக விமான நிலையத்தைச் சுற்றி வளர்ந்த பொருளாதாரம் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. சாலை, ரயில், பஸ், கட்டணம் என்று அதைப் பற்றி எடுக்கப்பட்ட முடிவுகளோ பெரும்பாலும் அந்தக் கோட்டிலேயே நின்றுவிட்டன. எங்கள் மாவட்டத்து வாழ்க்கை எங்கே இடறுகிறது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு முரணைப் பார்த்தால் போதும்.

ஒரு விமான நிலையத்துக்கு யார் வருவார்கள் என்பதை வரைபடம் தீர்மானிப்பதில்லை. வீட்டுக் கதவிலிருந்து விமானக் கதவு வரை எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு, போக வேண்டிய ஊருக்கு நேர் விமானம் உண்டா என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 70 கி.மீ., மார்த்தாண்டத்திலிருந்து அதிலும் குறைவு. மதுரை விமான நிலையமோ 200 கி.மீ.க்கு மேல். கன்னியாகுமரி மாவட்டம் மட்டுமல்ல, வள்ளியூர், இராதாபுரம், பணகுடி வரைக்கும் வளைகுடா போகிற ஆட்கள் திருவனந்தபுரத்தில்தான் ஏறுகிறார்கள்.

இவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தால் இந்த மாவட்டமே கண்முன் வருகிறது. 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர், ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 1,100 பேர். தமிழ்நாட்டின் சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நெருக்கம். எழுத்தறிவில் மாநிலத்தில் முதலிடம். நிலம் குறைவு, ஜனம் அதிகம், படிப்பு அதிகம், பெரிய தொழிற்சாலை கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகள் வெளியேதான் போவார்கள். நர்ஸ், வெல்டர், டிரைவர், மேஸ்திரி, சூப்பர்வைசர். கடற்கரை ஊர்களிலிருந்து பஹ்ரைனுக்கும் சவூதிக்கும் ஈரானுக்கும் மீன்பிடிக் கூலிகளாகப் போகிற இளைஞர்கள். எங்கள் பக்கத்தில் "ஏர்போர்ட்டுக்குப் போகணும்" என்றால் எந்த ஏர்போர்ட் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் மாமா முதல்முறை ஷார்ஜாவுக்குப் போனபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். காலை ஆறு மணி விமானத்துக்கு முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கே வேன் கிளம்பியது. கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டியில் பெயரும் ஊரும் மார்க்கரில் எழுதியிருந்தது. உள்ளே நேந்திரங்காய் சிப்ஸ், கருவாடு, முறுக்கு, அத்தை வறுத்து அரைத்துக் கொடுத்த மீன்குழம்புப் பொடி. பாறசாலையில் லெவல் கிராசிங்கோ கல்யாண ஊர்வலமோ எது குறுக்கே வரும் என்று தெரியாதே என்று அப்பா சொன்னார். அந்தப் பயத்துக்கு ஒதுக்கிய நேரம்தான் மூன்று மணிக்கூறு. மனுஷன் பயப்படுவது விமானத்துக்கு இல்லை, விமானம் வரைக்கும் போகிற சாலைக்கு.

சரி, மதுரையிலும் பன்னாட்டு விமானங்கள் உண்டே, தூத்துக்குடியிலும் விமான நிலையம் இருக்கிறதே, பிறகு ஏன் எல்லோரும் எல்லை தாண்டிப் போகிறார்கள்? காரணம் தூரம் மட்டும் இல்லை. இரண்டு நாடுகளுக்கு நடுவே விமானம் ஓட்ட அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. வாரத்துக்கு எத்தனை இருக்கை, வெளிநாட்டு நிறுவனம் எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். துபாயோடு உள்ள ஒப்பந்தத்தில் இரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 66 ஆயிரம் இருக்கை என்ற உச்சவரம்பு 2014-க்குப் பிறகு நகரவே இல்லை. இறங்க அனுமதி பெற்ற ஊர்களின் பட்டியலில் திருவனந்தபுரம் பழைய ஆள். 1991-லேயே பன்னாட்டு விமான நிலையம் என்ற தகுதி அதற்குக் கிடைத்துவிட்டது. அதனால் எமிரேட்ஸ், கத்தார், எதிஹாட், ஏர் அரேபியா எல்லாம் அங்கே வருகின்றன. வளைகுடா நிறுவனங்கள் மதுரைக்கு வருவதில்லை. கேரளத்திலேயே 2018-ல் திறந்த கண்ணூருக்கு வெளிநாட்டு நிறுவனங்களை அனுமதிக்கச் சொல்லிப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். புதிதாகக் கட்டிடம் கட்டினால் மட்டும் விமானம் வந்து இறங்காது என்பதற்கு அது உதாரணம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தன் முதல் விமானத்தை 2005 ஏப்ரலில் அபுதாபிக்கு அனுப்பியது திருவனந்தபுரத்திலிருந்துதான். வளைகுடாவுக்கும் இந்த ஊருக்கும் அப்படியொரு பிணைப்பு.

விமான நிலையம் ஒரு வட்டாரத்துக்குப் பணத்தை எப்படிக் கொண்டுவருகிறது? பாதுகாப்பு, சரக்கு ஏற்றுவது, டாக்ஸி, ஹோட்டல் என்று நேரடி வேலைகள் இருக்கின்றன. இவை பெரும்பாலும் நிலையத்தைச் சுற்றிப் பத்து கி.மீ.க்குள் முடிந்துவிடும். இதில் எங்கள் மாவட்டத்துக்குப் பங்கு குறைவு. அடுத்தது, விமான நிலையம் இருப்பதால் அங்கே வந்து அமர்கிற தொழில்கள். கழக்கூட்டத்தில் 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் ஐ.டி. பூங்கா, விமான நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். நாகர்கோவில் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்கள் எத்தனையோ பேர் திங்கட்கிழமை காலை ரயிலேறிக் கழக்கூட்டம் போய் வெள்ளிக்கிழமை ராத்திரி திரும்புகிறார்கள். சம்பளம் இந்தப் பக்கம் வருகிறது, வாடகையும் சாப்பாடும் அந்தப் பக்கம் போகிறது.

நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புவது சரக்கைப் பற்றி. பயணிகள் விமானத்தின் வயிற்றுப் பகுதியில் பெட்டிகளை ஏற்றிய பிறகு மிச்சமிருக்கும் இடத்தில்தான் வளைகுடாவுக்குக் காய்கறியும் பழமும் மீனும் பூவும் போகின்றன. ராத்திரி விமானத்தில் ஏறுகிற வெண்டைக்காயும் முருங்கைக்காயும் மறுநாள் அங்கே மலையாளிகளும் தமிழர்களும் வாங்குகிற கடையில் இருக்கும். கேரளத்தின் அன்றாடக் காய்கறியே பெருமளவு தமிழ்நாட்டிலிருந்து போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விமானத்தில் ஏறுவதும் அதே காய்தான்.

தோவாளையை எடுத்துக்கொள்வோம். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய அந்தச் சின்ன ஊரின் பூச்சந்தை, ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே விழித்துவிடும். சுற்று வட்டாரத்துப் பிச்சியும் அரளியும், திண்டுக்கல், மதுரைப் பக்கத்து மல்லியும், ஓசூர், பெங்களூர்ப் பக்கத்து ரோஜாவும் செவ்வந்தியும் அங்கே வந்து இறங்கி, விடிவதற்குள் கேரளத்துக்குப் பிரிந்து போகும். ஓணம் வந்தால் அத்தப்பூக் கோலத்துக்காகச் சந்தையில் கால் வைக்க இடமிருக்காது. பூவுக்கு ஆயுள் மணிக்கணக்கு. வழியில் இரண்டு மணி நேரம் தாமதமானால் பூ அழுகாது, ஆனால் விலை இறங்கிவிடும்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பூவும் காயும் மாவட்டத்திலிருந்து சாக்கிலும் கூடையிலும் போகின்றன. தரம் பிரிப்பது, குளிர வைப்பது, அட்டைப்பெட்டியில் அடுக்குவது, பூச்சி இல்லை என்று தாவரப் பாதுகாப்புச் சான்று வாங்குவது, சுங்க வேலை முடிப்பது எல்லாம் விமான நிலைய நகரத்தில் நடக்கிறது. விளைவித்தவனுக்குச் சந்தை விலை. அடுக்கி அனுப்புகிறவனுக்கு ஏற்றுமதி விலை. இடையிலிருக்கிற லாபமும் வேலையும் எல்லைக்கு அப்பால் தங்கிவிடுகின்றன. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. சாலை நம்பகமாக இல்லாவிட்டால் வியாபாரி சரக்கைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளப் பார்ப்பான், அவ்வளவுதான். நாகர்கோவிலிலோ தோவாளையிலோ பெட்டியில் அடுக்கி, இத்தனை மணிக்குக் கிளம்பினால் இத்தனை மணிக்கு விமானத்தடியில் நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடிகிற நாளில்தான் அந்த வேலை இந்தப் பக்கம் நகரும். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த எங்கள் மட்டி வாழைப்பழத்துக்கும் இதுவே விதி. தொட்டால் கனிகிற பழம் அது, குண்டும் குழியும் தாங்காது.

ஆகவே எல்லாம் வந்து முட்டுவது சாலையில்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு உள்ள பழைய சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியிக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு வருகிறது. இந்தச் சாலையில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெற்றிடம் கிடையாது. கடையும் வீடும் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் ஒட்டிக்கொண்டே வரும். அதனால் அகலப்படுத்துவதென்றால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு குடும்பத்தோடு பேச வேண்டும். கரமனையிலிருந்து களியிக்காவிளை வரை அகலப்படுத்தும் திட்டம் துண்டுதுண்டாகத்தான் நகர்ந்தது. பாலராமபுரம் சந்தியில் அது இறுகி நின்றதைக் கைத்தறிச் சேலை வாங்கப் போன எவரும் அனுபவித்திருப்பார்கள். (அந்த நெசவாளர்களின் முன்னோர்களும் இந்தப் பக்கத்துத் தமிழ் ஊர்களிலிருந்து திருவிதாங்கூர் அரசு அழைத்துப் போய்க் குடிவைத்தவர்கள்தான்.)

கேரளம் இதற்கு மாற்றாக ஒரு புறவழிச்சாலையைப் போட்டது. கழக்கூட்டத்தில் தொடங்கி, விமான நிலையத்தின் கிழக்கு விளிம்பை ஒட்டி, கோவளம் வழியாக எல்லையிலுள்ள காரோடு வரை 43 கி.மீ. தேசிய நெடுஞ்சாலை 66-ன் பகுதி. அதில் முக்கோலையிலிருந்து காரோடு வரையுள்ள 16 கி.மீ. கான்கிரீட் சாலை, கேரளத்து தேசிய நெடுஞ்சாலையில் அப்படிப்பட்டது அதுதான் முதல். 1970-களில் பேச ஆரம்பித்த திட்டம் முடிய நாற்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. ஆனால் முடிந்தது. காரோட்டிலிருந்து விமான நிலையத்துக்கு இன்றைக்கு முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம்.

அந்த நல்ல சாலை எல்லையில் வந்து நிற்கிறது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் அதன் தொடர்ச்சி, எல்லையிலிருந்து வில்லுக்குறி வரை ஒரு பகுதி, அங்கிருந்து கன்னியாகுமரி வரை இன்னொரு பகுதி என்று இரண்டாகப் பிரித்து எடுக்கப்பட்டது. நிலம் எடுத்தார்கள், மரம் வெட்டினார்கள், சில பாலங்களுக்குத் தூண் எழுப்பினார்கள். அப்புறம் வேலை வருஷக்கணக்கில் நின்றது. தூண்கள் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கம்பி நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துக்கொண்டே எங்கள் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பிறகு மறுபடி ஒப்பந்தம் விட்டு வேலை தொடங்கியது.

ஏன் நின்றது என்பது அரசியல் மேடைகளில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. உண்மையான காரணம் மாவட்டத்தின் நில அமைப்பிலேயே இருக்கிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே கன்னியாகுமரி ஒரு ஒடுங்கிய சரிவு. அந்தச் சரிவில் மழைநீரைத் தேக்க முன்னோர்கள் வெட்டிய ஆயிரக்கணக்கான குளங்களும், பிறகு வந்த பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைக் கால்வாய்களும் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. ஊர்களைத் தவிர்த்து ஒரு நேர்கோட்டுச் சாலை போட வேண்டுமென்றால் அது வயல் வழியாகத்தான் போக வேண்டும், குளத்தை மிதித்துத்தான் போக வேண்டும். குளத்துக்குள் மண்ணைக் கொட்டினால் பாசனம் கெடும் என்று விவசாயிகள் எதிர்த்தது நியாயமான எதிர்ப்பு. பல இடங்களில் மண்மேட்டுக்குப் பதிலாகப் பாலம் கேட்டார்கள். அது செலவை ஏற்றியது. வயலை உயர்த்த மண் வேண்டும், அந்த மண்ணை இதே மாவட்டத்தில் எடுத்தால் இன்னொரு குளமோ குன்றோ போகும், வெளி மாவட்டத்திலிருந்து கொண்டுவந்தால் செலவு மறுபடி ஏறும். இத்தனையும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள். திட்டம் போட்டவர்கள் குளங்களை எண்ணிப் பார்த்திருந்தால் சாலை தாமதமாகத் தொடங்கியிருக்கும், ஆனால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்பது என் கருத்து. மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் 2018-ல் மேம்பாலங்கள் திறந்தபோது நெரிசலிலிருந்து மூச்சு கிடைத்தது உண்மை. மேம்பாலம் ஊருக்குள் இருக்கிற முடிச்சை அவிழ்க்கும், ஊர்களுக்கு நடுவே இருக்கிற சாலையை அகலமாக்காது.

ரயிலைப் பற்றிச் சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி 44 வருஷம் கழித்துத்தான், 1979-ல், நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது. 1981-ல் திருநெல்வேலியோடு இணைந்தது. அந்தப் பாதை புதிதாக அமைந்த திருவனந்தபுரம் கோட்டத்தோடு சேர்க்கப்பட்டு இன்றும் அங்கேயே இருக்கிறது. மாவட்ட ரயில் நிலையங்களை மதுரைக் கோட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு பெரிய கோரிக்கை உண்டு. அதன் காரணங்கள் எனக்குப் புரிகின்றன. என் கவலை வேறு. மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை இரட்டைப் பாதை 2024-ல் முடிந்துவிட்டது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரையுள்ள 71 கி.மீ.தான் பின்தங்கி நிற்கிறது. ஒற்றைப் பாதையில் ஒரு ரயில் வர இன்னொன்று ஒதுங்கி நிற்க வேண்டும். அதனால்தான் இரணியலிலோ குழித்துறையிலோ காரணம் புரியாமல் இருபது நிமிஷம் நிற்கிறோம். எந்தக் கோட்டம் என்பதைவிட அந்த இரண்டாவது தண்டவாளம் முக்கியம்.

விமான நிலையத்துக்கு ரயில் இணைப்பும் இல்லை. பக்கத்தில் இருக்கிற ஸ்டேஷன் பேட்டை, சில கி.மீ. தூரம்தான். நாகர்கோவிலிலிருந்து பேட்டையில் நிற்கிற ரயிலும், அங்கிருந்து டெர்மினலுக்கு ரயில் நேரத்தோடு ஒட்டிய ஒரு சிற்றுந்தும் இருந்தால் எத்தனையோ வீடுகளில் வேன் வாடகை மிச்சமாகும். இதற்குப் புதிய தண்டவாளம்கூட வேண்டாம்.

பஸ் கதை இன்னும் நுட்பமானது. மாநிலம் விட்டு மாநிலம் பஸ் ஓட வேண்டுமென்றால் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு, எந்தத் தடத்தில் எத்தனை பஸ், எத்தனை நடை என்று சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். புதிதாக ஒரு தடம் சேர்ப்பதற்கு இரு பக்கமும் சம்மதிக்க வேண்டும். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்தின் மைய பஸ் நிலையமான தம்பானூருக்கும் நடுவே இரு மாநில பஸ்களும் ஓடுகின்றன, ஆனால் கிராமங்களிலிருந்து வருகிற பஸ்கள் பெரும்பாலும் களியிக்காவிளையில் முடிந்துவிடும். அங்கே இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மறு மாநில பஸ்ஸில் ஏறி, தம்பானூரில் இறங்கி, மறுபடி ஒரு ஆட்டோ. பெட்டியோடு போகிறவன் எத்தனை முறை ஏறி இறங்குவான்? அதனால்தான் கடன் வாங்கியாவது வேன் பிடிக்கிறோம்.

இரு மாநிலமும் சேர்ந்து ஒன்றைச் செய்யவே முடியாது என்று சொல்கிறவர்களுக்கு நான் புரட்டாசி மாதத்தைக் காட்டுவேன். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். களியிக்காவிளையில் இரு மாநிலப் போலீசும் மரியாதை செலுத்துகிறார்கள். தக்கலைப் பக்கத்திலிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திருவனந்தபுரத்தில் இன்னும் ஒன்று. பத்மநாப சுவாமி கடலில் நீராடப் போகிற ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிற வழி ஓடுதளத்தின் குறுக்கே இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சில மணி நேரம் விமானங்களை நிறுத்தி சுவாமிக்கு வழி விடுகிறார்கள். உலகத்து விமான நிறுவனங்கள் எல்லாம் அதற்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்கின்றன. மனசிருந்தால் கால அட்டவணையே வளைகிறது. ஆனால் கேரளத்திலுள்ள நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாயில் விளவங்கோடு தாலுகாவுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004-லிருந்து வரவில்லை. உறவின் இரண்டு முகங்களையும் பார்த்தவர்கள் நாங்கள்.

விமான நிலையத்தை யார் நடத்துவது என்ற கேள்வியிலும் எங்கள் குரல் இருந்ததில்லை. 2019-ல் ஏலம் விட்டபோது, விமான நிலைய ஆணையத்துக்கு ஒரு பயணிக்கு 168 ரூபாய் தருவதாக அதானி குழுமமும் 135 ரூபாய் தருவதாகக் கேரள அரசு நிறுவனமும் கேட்டன. 2021 அக்டோபரில் ஐம்பது வருஷக் குத்தகைக்கு அது கைமாறியது. கேரள அரசு நீதிமன்றம் வரை போய் எதிர்த்தது. தினமும் அந்த வாசலில் நிற்கிற தமிழ்நாட்டுப் பயணிகள் சார்பில் பேச யாரும் இல்லை. 2024 ஜூலையில் பயனர் கட்டணம் உயர்ந்தது. வெளிநாடு போகிறவருக்கு 1,069 ரூபாயாக இருந்தது 1,540 ஆனது. வந்து இறங்குகிறவரிடமும் 660 ரூபாய் வாங்க ஆரம்பித்தார்கள், வருஷா வருஷம் ஏறும்படி. லீவுக்கு வந்து போகிற ஒரு கூலித் தொழிலாளிக்கு இது டிக்கெட்டுக்குள் மறைந்திருக்கிற செலவு. கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையம் ஆட்சேபங்களைக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்கிறது. அந்த இடத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துக்காக ஒரு மனுவாவது வைக்க வேண்டியது நம் பிரதிநிதிகளின் வேலை.

இதற்கிடையே விமான நிலையத்துக்குத் தெற்கே இன்னொரு பெரிய கதவு திறந்திருக்கிறது. விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது, 2025 மே 2 அன்று முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். கரையோரமே 18 மீட்டருக்கு மேல் இயற்கை ஆழம். அதன் அலைத்தடுப்புச் சுவருக்கான பாறையில் ஒரு பங்கு எங்கள் மாவட்டத்து மலைகளிலிருந்து போனது. கல் ஏற்றிய லாரிகள் ராவும் பகலும் போய் எங்கள் சாலைகள் பட்ட பாட்டை இங்கே எல்லோரும் அறிவார்கள். அதே சமயம் 2016-ல் குளச்சல் பக்கம் இனயத்தில் ஒரு சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகத்துக்கு மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. மீனவ ஊர்கள் திரண்டு எதிர்த்தன, திட்டம் இடம் மாறிப் பிறகு கைவிடப்பட்டது. கடலரிப்பைக் கண்ணால் பார்த்த மக்கள் எதிர்த்ததை நான் குறை சொல்ல மாட்டேன். சங்குமுகத்தில் விமான நிலையத்துக்குப் போகிற சாலையையே கடல் தின்றதே.

விழிஞ்ஞத்தில் இப்போது நடப்பது பெரும்பாலும் பெரிய கப்பலிலிருந்து பெட்டகத்தை இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றுகிற வேலை. அதில் சுற்று வட்டாரத்துக்குக் கிடைப்பது சொற்பம். பெட்டகம் துறைமுக வாசலைத் தாண்டி வெளியே வரும்போதுதான் கிடங்கு, லாரி, தரம் பிரிப்பு, சிறு தொழில் எல்லாம் பிறக்கும். அதற்காகப் பாலராமபுரம் வரை 10.7 கி.மீ. ரயில் பாதை திட்டமிட்டிருக்கிறார்கள், பெரும்பகுதி சுரங்கம். அந்தப் பாதை வந்து சேர்வது எங்கே? திருவனந்தபுரம்–நாகர்கோவில் தண்டவாளத்தில். பயணிகள் ரயிலே ஒதுங்கி நிற்கிற அதே பாதையில் சரக்கு ரயிலும் வரப்போகிறது. எங்கள் முந்திரியும் ரப்பரும் கயிறும் அந்த வாசலை எட்டுமா என்பது இரண்டாவது தண்டவாளத்தையும், காரோடு–வில்லுக்குறி சாலையையும் பொறுத்தது.

மாநில எல்லையைக் கண்டுகொள்ளாமல் வளர்ந்த தொழில் ஒன்று உண்டு. தும்பாவில் 1963-ல் முதல் ராக்கெட், மகேந்திரகிரியில் எஞ்சின் சோதனை, இப்போது குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம். இஸ்ரோவின் வண்டிகள் இந்தச் சாலையில்தான் போய் வருகின்றன. ஒரே அமைப்பு மொத்தத் தடத்தையும் தன் இடமாகப் பார்த்ததால் வந்த வளர்ச்சி அது.

கன்னியாகுமரிக்கே ஒரு விமான நிலையம் வேண்டும் என்ற பேச்சு தேர்தல்தோறும் எழும். ஆசையில் தப்பில்லை. ஆனால் சதுர கி.மீ.க்கு 1,100 பேர் வாழ்கிற, குளமும் வயலும் நெருங்கிக் கிடக்கிற மாவட்டத்தில் பல நூறு ஏக்கரை எங்கிருந்து எடுப்பது? எடுத்தாலும் வளைகுடா விமானம் இறங்க அந்த ஒப்பந்தப் பட்டியலில் இடம் வேண்டுமே. வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்துவிட்டார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் பறக்கிறவர்களுக்கு மாவட்டத்தின் கிழக்குப் பாதியிலிருந்து அது நல்ல வழி. மேற்குப் பாதிக்கும் வளைகுடாக்காரர்களுக்கும் திருவனந்தபுரம் இருக்கிறது. இரண்டு ஓடுதளத்துக்கு நடுவே வாழ்கிற நமக்கு மூன்றாவது தேவையில்லை என்றுதான் நான் சொல்வேன். அந்தப் பணத்தையும் அந்த நிலத்தையும் வில்லுக்குறிச் சாலைக்கும், குளத்தின் மேல் பாலத்துக்கும், தோவாளையில் ஒரு குளிர்கிடங்குக்கும் கொடுத்தால் நாகர்கோவிலிலிருந்து டெர்மினல் ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

சுற்றுலாவிலும் அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் கணக்கு. திருவனந்தபுரத்தில் இறங்குகிற பயணி கோவளத்தில் அறை எடுத்து, காலையில் கன்னியாகுமரிக்கு வந்து, விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலமும் பார்த்து, சூரியன் மறைந்ததும் கோவளத்துக்கே திரும்பிவிடுகிறான். போக வர ஐந்து மணி நேரம் சாலையில் போகிறவனுக்கு விமானத்துக்குப் பக்கத்தில் தங்குவதுதான் நிம்மதி. டிக்கெட் காசு இங்கே விழுகிறது, அறை வாடகையும் ராத்திரிச் சாப்பாடும் அங்கே.

போன மாதம் மாமாவின் மகனை வழியனுப்பப் போனேன். அவன் தோஹாவுக்கு, இரண்டாவது முறை. பெட்டி இப்போது சக்கரம் வைத்தது, கயிறு கிடையாது. எல்லையைத் தாண்டி கான்கிரீட் சாலையில் ஏறியதும் டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இனி பயமில்ல அண்ணே, அரை மணிக்கூறுல தள்ளிரலாம்" என்றார். சொன்னபடியே போய்ச் சேர்ந்தோம். விமானத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. மார்த்தாண்டத்தில் என்ன நெரிசல் இருக்குமோ என்று பயந்து மாமா எங்களைக் கிளப்பிவிட்டது அதே பதினொரு மணிக்குத்தான்.